நொண்டி கத்தவில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ரூமில் காஸ் தீர்ந்துவிட்டது. பாதி வெந்த உப்புமாவை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். புது சிலிண்டருக்கு போன் பண்ணினால் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

கம்பெனியிலும் சிலிண்டர் பிரச்சினைதான். நாலாம் நம்பர் பிரஸ்ஸை எல்லோரும் நொண்டி என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு சின்ன அறை அகலத்துக்கு இரும்புப் பலகை. நாலு மூலையிலும் நாலு ஹைட்ராலிக் சிலிண்டர். அவை நாலும் சேர்ந்து பலகையை மட்டம் பிசகாமல் இறக்கி, தகட்டை நசுக்கிக் கார் கதவாக்கி, மறுபடி தூக்கி மேலே நிறுத்த வேண்டும். மூன்றாவது சிலிண்டர் ஆறு மாதமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. சீல் கசிகிறது, வால்வு சிக்குகிறது. மேலே நிற்கும்போதே அந்த மூலை சரியும். சரியப் போகிறது என்றால் வால்வு திணறிக் கத்தும், பன்றியைக் கழுத்தோடு பிடித்த மாதிரி. ஒன்றரை விநாடிக் கத்தல். அப்புறம் பலகை இறங்கும். பிறகு மெஷின் தானே நின்றுவிடும். மெஷின் நின்றால் ராஜமாணிக்கம் சார் கத்துவார்.

அவர் பிளான்ட் மேனேஜர். இன்று என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"மாறா, காலேஜ்ல என்னமோ புராஜெக்ட் பண்ணேன்னு இன்டர்வியூல அளந்தியே. பார்ட் கெட்டுப்போனாலும் மெஷின் ஓடுமாமே?"

"ஆமா சார். ஒரு சிலிண்டர் பலவீனமானா கன்ட்ரோலர் அதைக் கண்டுபிடிச்சிடும். அதோட சுமையை மத்த மூணுக்கும் பிரிச்சுக் குடுத்துடும்."

"அதைச் செய். புதுசு வர நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் சமாளி."

வெளியே லூர்து அண்ணன் நின்றிருந்தார். இருபது வருடமாக இங்கே ஃபிட்டர். விஷயத்தைச் சொன்னதும் பாக்கைத் துப்பினார். "நாலு மாசமா? ஆர்டர் போட்டாத்தானேடா தம்பி மாசக் கணக்கு? பலகையை மேல பூட்டி வைக்கிற கொக்கியை ரெண்டு வருஷம் முன்னாடி இவன்தான் கழட்டச் சொன்னான். ஒவ்வொரு அடிக்கும் மூணு விநாடி வீணாகுதாம். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு ஒரு மாசத்துல வந்துடும்னான்."

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாக புரோகிராம். நன்றாக வருகிறது. இந்த ஊரில் நான் மூளையை உபயோகித்து ஆறு மாதம் ஆகிவிட்டது.

இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதும்போதே தோன்றியது. இந்தக் கம்பெனி ஆட்களை வைத்து இதைத்தான் செய்கிறது. கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் காய்ச்சலில் விழுந்தால் லைன் நிற்பதில்லை. அவன் சுமை மற்ற மூன்று பேர் முதுகில் ஏறுகிறது. அவர்களும் விழும் வரைக்கும் போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. அயோக்கியர்கள்.

லூர்து அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "மூணு கால்ல நிக்கலாம் தம்பி. ஓட விடுவியா?"

"ஓடும்ணா. கணக்குப் போட்டாச்சு."

"ஒண்ணாம் நம்பர் சீலு கணக்குல இருக்கா? அதுக்கும் வயசாயிடுச்சு."

அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 6, வெள்ளி

ஓடுகிறது! மூன்றாவது சிலிண்டர் பாதி செத்த நிலையிலும் பலகை மட்டமாக நிற்கிறது. கத்தலும் இல்லை. வால்வு திணறும் முன்பே மற்ற மூன்றும் தாங்கிக்கொள்கின்றன. ஷிஃப்டில் எழுநூற்றுப் பத்து கதவு. ராஜமாணிக்கம் சார் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

நொண்டியில் வேலை பார்ப்பது ஒரு புருஷன் பெண்டாட்டி. மஞ்சுநாத் இந்தப் பக்கம் நின்று தகடு வைப்பான். நாகவேணி அக்கா அந்தப் பக்கம் நின்று, அடித்த கதவைக் கையால் உருவி எடுக்கும். இரண்டு பேரும் தளி பக்கத்துக் கிராமம். கான்ட்ராக்ட். அக்கா என்னிடம் ஏதோ சொல்ல வந்தது. கம்ப்ரஸர் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

சாயங்காலம் காஸ் வந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

எழுநூற்று நாற்பது.

ஜூன் 12, வியாழன்

மட்டம் நாலு மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நிற்கும். இன்று ஆறு தடவை நின்றது. மதியத்துக்கு மேல் அந்த எல்லை பன்னிரண்டாக மாற்றப்பட்டது. அதன்பின் நிற்கவில்லை.

துணி துவைக்க வேண்டும். நாலு சட்டையிலும் எண்ணெய்.

ஜூன் 14, சனி

இன்று பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பத்து மணிக்கு மஞ்சு சிவப்பு பட்டனைக் குத்தி நொண்டியை நிறுத்தினான். பத்து நிமிடம் கழித்து மறுபடி. முதலாம் சிலிண்டர் பக்கம் எண்ணெய் வழிகிறது, பலகை "நடுங்குது" என்றான். என்னைக் கூப்பிட்டார்கள். திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. பச்சை என்று சொன்னேன்.

ராஜமாணிக்கம் சார் வந்தார். "எதுக்குடா நிறுத்துன?"

"நடுங்குது சார். முன்னல்லாம் கத்தும், நாங்க உஷாராயிடுவோம். இப்போ ஊமையாட்டம் நடுங்கினு நிக்குது."

"இன்ஜினீயரே ஒண்ணுமில்லைன்றான். நீ டாக்டரா? நாடி புடிச்சுப் பாத்தியா?"

நாலு பேர் சிரித்தார்கள். மஞ்சு சிரிக்கவில்லை. "நீ வந்து கை வுடு சார், பாக்கலாம்" என்றான்.

அறை விழுந்தது. வெறும் கையால் இல்லை, கையில் இருந்த ரிப்போர்ட் அட்டையின் விளிம்பால். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. மஞ்சுவின் கை மேலே எழுந்ததைப் பார்த்தேன். நாகவேணி அக்கா ஓடி வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. "வேணாம்யா. வேணாம். வேலைக்குப் போ." மெஷின் மறுபடி ஓடியது. மஞ்சு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு தகடு வைத்தான். அந்தத் தகட்டில் ஒரு சிவப்புக் கோடு. அது அப்படியே கதவாகி வெளியே வந்தது.

ஒரு மனிதனை அட்டையால் அறைய இவனுக்கு யார் உரிமை கொடுத்தது? நூற்றைம்பது பேர் நின்றோம். ஒருத்தன் வாய் திறக்கவில்லை.

நானும்தான்.

ஜூன் 18, புதன்

காலை 11.20.

முதலாம் சிலிண்டரின் சீல் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் மாதிரி ஒன்று. சுடுஎண்ணெய் கூரை வரைக்கும் அடித்தது. மூன்றாவது ஏற்கெனவே செத்தது. மீதி இரண்டால் தாங்க முடியவில்லை. பலகை கோணலாக விழுந்தது. நாகவேணி அக்காவின் வலது கை உள்ளே இருந்தது.

சத்தம் போட்டது மஞ்சு. அக்கா சத்தம் போடவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். இடது கையால் பலகையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இருபது டன் பலகையை.

தூக்க வேண்டும். தூக்க என் புரோகிராம் விடவில்லை. பலகை ஒரேயடியாகச் சாய்ந்து கிடந்ததால், மட்டம் பிசகி இருக்கிறது, சரிசெய்யாமல் நகர்த்த முடியாது என்று திரையில் வந்தது. நான் எழுதிய வாக்கியம்தான் அது. அதைத் தாண்ட பாஸ்வேர்ட் வேண்டும். தப்பாகத் தட்டினேன். மறுபடி தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு. ஒரு நிமிடம் பொறுக்கவும் என்றது. மஞ்சு ஒரு இரும்புக் கம்பியால் கன்ட்ரோல் பெட்டியை அடித்து உடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி என் முகத்தில் தெறித்தது. "தூக்குடா! தூக்குடா!"

லூர்து அண்ணன்தான் தூக்கினார். லாரி ஜாக்கி இரண்டைக் கொண்டுவந்து, முட்டிபோட்டு, கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே தூக்கினார். எட்டு நிமிடம்.

வெளியே வந்ததைக் கை என்று சொல்ல முடியாது. கார் கதவின் உள்பக்கம் எப்படி வளைந்திருக்குமோ அப்படி வளைந்திருந்தது.

ராஜமாணிக்கம் சார் முதலில் கேட்டது, கதவு அடிக்கும் அச்சைப் பற்றி: "டை சேதமா?"

ஜூன் 19, வியாழன்

சட்டையைத் துவைத்தேன். போகவில்லை. மறுபடி துவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நாலு மாதம் ஆகும் என்ற சிலிண்டர் இன்று லாரியில் வந்து இறங்கியது. ஒன்று இல்லை, இரண்டு. கோயம்புத்தூரில் ரெடியாகவே இருந்ததாம்.

லூர்து அண்ணன் அதன் மேல் காறித் துப்பிவிட்டு மாட்டப் போனார்.

ஜூன் 21, சனி

கேபின். கதவைச் சாத்தச் சொன்னார். உடைந்த கன்ட்ரோல் பெட்டிக்குப் புதியது வந்துவிட்டது, அதில் பழைய புரோகிராமை நான்தான் ஏற்ற வேண்டும்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ரெண்டாம் தேதி விசாரணைக்கு வராங்க. அந்தப் பன்னெண்டை நாலாக்கி ஏத்து. மாத்தின குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆபரேட்டர் கவனக்குறைவு, கையை உள்ள வெச்சுட்டா. முடிஞ்சுது."

"கையை உள்ள வெக்காம கதவை எப்படி சார் எடுக்கறது?"

சிரித்தார். "பன்னெண்டுன்னு போட்டது யார் லாகின்?"

விரலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"உன் லாகின். நான் எங்கயாவது கையெழுத்து போட்டிருக்கேனா? நான் உன்னைத்தான் காப்பாத்தறேன், முட்டாள்."

செய்தேன். பழைய பதிவின் நகல் ஒன்று பென் டிரைவில் இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தது. மரியாதையாம். இல்லாத கையை ஊன்றி, சரிந்து விழுந்தது. மஞ்சு பிடித்துக்கொண்டான்.

"சாப்டீங்களா சார்?" என்றது.

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது மாதிரி: "அது கத்தவே இல்ல."

"இதையேதான் சொல்லினு இருக்கா சார், அஞ்சு நாளா" என்றான் மஞ்சு. "கத்தியிருந்தா எடுத்திருப்பேன், கத்தியிருந்தா எடுத்திருப்பேன்னு. ராத்திரியெல்லாம்."

அக்கா என்னைப் பார்த்தது. என்னிடம் வந்து சொன்னதை மஞ்சுவிடம் இதுவரைக்கும் அது சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காட்டிக் கொடுக்காமல் படுத்திருக்கிறது.

வெளியே பைக் ஸ்டாண்டில் மஞ்சுவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பன்னிரண்டு. பென் டிரைவ். ஆறாம் தேதி அக்கா என்னிடம் சொன்னது. நான் அதற்குச் சொன்ன பதில்.

அவன் முதலில் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். பதிலைச் சொன்னதும் ஆட்டுவது நின்றது.

"எந்தக் கையால தட்டுன?"

"மஞ்சு..."

"அந்த நம்பரை எந்தக் கையால தட்டுனடா?"

முதல் குத்து மூக்கில். அப்புறம் என் வலது கையை இழுத்து மதில்மேல் வைத்தான். அங்கே ஒரு செங்கல் இருந்தது. நான் கையை இழுக்கவில்லை என்று எழுத ஆசை. இழுத்தேன். அலறினேன். வாட்ச்மேன் அவனைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் எலும்பின் சத்தம் கேட்டது. கத்தல் இல்லாத, குச்சி ஒடிகிற சத்தம்.

அதே ஆஸ்பத்திரியில் எனக்கும் கட்டுப்போட்டார்கள். இதை லூர்து அண்ணன் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. ஆறாம் தேதி என்ன பதில் சொன்னாய் என்று கேட்கிறார். எழுத வேண்டாம்ணா என்றேன்.

ஜூன் 25, புதன்

இடது கை. முதல் வகுப்புப் பையன் எழுத்து.

ஜூன் 27, வெள்ளி

ராஜமாணிக்கம் சார் ரூமுக்கே வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஏட்டு.

மஞ்சு மேல் கொலை முயற்சி கேஸ். புகார் டைப் செய்து ரெடி. "ஒரு கையெழுத்து, மாறா. அவன் உள்ள போனா அந்தப் பொம்பளை தனியா என்ன கேஸ் நடத்தும்? ஊருக்குப் போயிடும். உன் பன்னெண்டும் அதோட போச்சு."

"கை இல்லையே சார்."

"கைநாட்டு வை."

"செங்கல் விழுந்துச்சு சார்."

"மூணு தடவையா?" என்றார் ஏட்டு.

"மூணு செங்கல்."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் எழுந்தார். கட்டுப்போட்ட என் கையை மெதுவாக எடுத்தார், நலம் விசாரிக்கிற மாதிரி. பிறகு அழுத்தினார். கண் இருட்டியது. "ரெண்டாம் தேதி யோசிச்சுப் பேசு" என்று காதோரமாகச் சொன்னார்.

அவர் போனபின் ஆப்பிளை ஜன்னல் வழியாக எறிந்தேன். இடது கையில் எறிந்தால் குறி தவறுகிறது. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அந்த வீட்டுப் பெண்மணி பத்து நிமிடம் திட்டினார்.

ஜூன் 29, ஞாயிறு

பழைய பக்கங்களைப் படித்தேன். என் நோட்டில் நானே பொய் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி எல்லை "மாற்றப்பட்டது" இல்லை. நான் மாற்றினேன். யாரும் சொல்லவில்லை. தினம் ஆறு தடவை நின்றால் என் புரோகிராமைக் குறை சொல்வார்கள் என்று நானாகவே மாற்றினேன்.

ஆறாம் தேதி கம்ப்ரஸர் ஓடவில்லை. டீ நேரம். அக்கா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சார், அது கத்துறதை ஏன் நிறுத்துனீங்க? அது கத்துனாத்தான் எனக்குக் கையை எடுக்கத் தெரியும். மூணு தடவை தப்பிச்சிருக்கேன். மறுபடியும் கத்த வைங்க சார்."

நான் சொன்னது: "உங்களுக்காக மெஷினை அழ விடணுமாக்கா? வேணும்னா தாலாட்டு பாட வைக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. டீ கிளாஸை வலது கையில் பிடித்திருந்தது.

ஆறு மாதமாக அந்த மெஷினில் ஒழுங்காக வேலை செய்த ஒரே எச்சரிக்கை அந்தக் கத்தல். அதை ஒரு பழுது என்று நினைத்துச் சரிசெய்தேன்.

ஜூலை 2, புதன்

எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

கான்ஃபரன்ஸ் ஹாலில் விசாரணை. இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி. அவருக்கு இந்தப் பக்கம் ராஜமாணிக்கம் சார், கம்பெனி வக்கீல். அந்தப் பக்கம் நாகவேணி அக்கா, மஞ்சு, லூர்து அண்ணன். நான் கடைசி நாற்காலி. மஞ்சு என் கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

வக்கீல் பேசினார். பதிவுகள் சரியாக உள்ளன, எல்லை நாலு மில்லிமீட்டர், தொழிலாளியின் கவனக்குறைவு. இன்ஸ்பெக்டர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். என் முறை வந்தது.

பென் டிரைவை மேஜையில் வைத்தேன். ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. "எல்லை பன்னெண்டு மேடம். மாத்தினது என் லாகின். நான்தான். விபத்துக்கு மூணாம் நாள் அதை மறுபடி நாலாக்கினதும் நான்தான், இவர் சொல்லி."

"மாறா!" என்றார் சார்.

"அவரைப் பேச விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "உங்க மேல கேஸ் வரும், தெரியுமா?"

"தெரியும்."

"கை என்னாச்சு?"

மஞ்சு என் பக்கம் திரும்பினான். "செங்கல் விழுந்துச்சு மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையும் மஞ்சுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குறிப்புக்குத் திரும்பினார். "விழறதுக்கு முன்னாடி ஏதாவது எச்சரிக்கை?"

"முன்னாடி இருந்துச்சு மேடம். கத்தும். அதைக் கேட்டு இவங்க கையை எடுத்துடுவாங்க. என் புரோகிராம் அதை நிறுத்திடுச்சு. இவங்க வந்து சொன்னாங்க. நான் கேலி பண்ணேன்."

வக்கீல் சிரித்தார். "மேடம், மெஷின் கத்துச்சாம், இந்தம்மா கையை எடுத்துச்சாம். எந்த மேனுவல்ல இருக்கு? கேட்டு, மூளைக்குப் போய், கையை இழுக்கறதுக்குள்ள பலகை வந்துடாது? கதை சொல்றாங்க."

"ஒன்றரை விநாடி இருக்கும்" என்றேன்.

"யார் அளந்தது?"

யாரும் அளக்கவில்லை. எங்கும் பதிவு இல்லை. நாகவேணி அக்கா தலை குனிந்திருந்தது. கட்டுப்போட்ட வலது முன்கையை மேஜைமேல் ஒரு மடித்த துண்டில் வைத்திருந்தது, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி.

"எப்படிக் கத்தும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆறு மாதம் கேட்ட சத்தம். பல்லைக் கடித்து, தொண்டையை இறுக்கி, கத்தினேன்.

"கீஈஈ..."

துண்டு பறந்தது. தண்ணீர் டம்ளர் தரையில் உருண்டது. அக்காவின் வலது கை மேஜையிலிருந்து பின்னால் பிய்த்துக்கொண்டு போய் நாற்காலியில் மோதி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் ஒன்றும் இல்லை. நடந்ததே அதற்குத் தெரியவில்லை. கட்டின் முனையில் புதிதாக ரத்தம் ஊறியது.

வக்கீலின் வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது.

நான் இன்னும் கத்தி முடிக்கவில்லை. அரை விநாடிகூட ஆகியிருக்காது.